மீன் குஞ்சு சாகிறதா, வளர மறுக்கிறதா? வயல் மருந்தைக் கண்டுபிடிக்கும் வழி

கார் பருவ நெல் நடவு முடிந்து இரண்டு மூன்று வாரம் ஆனால் என் போன் அடிக்க ஆரம்பிக்கும். "அண்ணாச்சி, குஞ்செல்லாம் மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு கெடக்கு. என்ன மருந்து போடணும்?" திருநெல்வேலி மாவட்டத்துக் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வரும், சேரன்மகாதேவியிலிருந்து வரும், முக்கூடலிலிருந்து வரும். கேள்வி மாறாது. நம் ஊரில் பூச்சிக்கு அடிப்பதும் மருந்து, காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. மேல் வயலில் அடித்த மருந்தால் தவிக்கும் குஞ்சுக்கு, கடைக்கு ஓடிப்போய் இன்னொரு மருந்தை வாங்கி ஊற்றுகிறார்கள். பிழைக்க வேண்டியதும் அதில் போய்விடுகிறது.

நெல் வயலுக்கும் வாழைத் தோட்டத்துக்கும் கீழே குட்டை வைத்து, கட்லா, ரோகு, மிர்கால், சாதாக் கெண்டைக் குஞ்சு வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் குட்டையில் என்ன தெரிகிறதோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். அதற்கு முன் கீழே உள்ளதை மட்டும் செய்துவிடுங்கள்.

## எந்த அறிகுறியானாலும், முதல் அரைமணி நேரம்

தண்ணீர் வரும் மடையை அடைத்துவிடுங்கள். காரணம் தெரியட்டும், அப்புறம் அடைக்கலாம் என்று நிற்க வேண்டாம்.

அடைத்த கையோடு ஒரு கண்ணாடி பாட்டிலில் குட்டைத் தண்ணீரைக் கழுத்து வரை நிரப்பி மூடி, கறுப்புத் துணி சுற்றி ஐஸில் வையுங்கள். ஒரு லிட்டர் போதும். சாகும் நிலையில் இருக்கும் பத்துப் பதினைந்து குஞ்சுகளை அலுமினியத் தாளில் மடித்து அதே ஐஸில் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். ஊதி நாறிய குஞ்சும் வேண்டாம், சோதனைக்கு உதவாது. இதையெல்லாம் எடுத்த பிறகுதான் போர்த் தண்ணீரைத் திறக்க வேண்டும். நல்ல தண்ணீர் கலந்த பின் எடுத்த பாட்டிலை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

அன்று தீனி போடாதீர்கள். பிறகு வரப்பைச் சுற்றி ஒரு நடை நடங்கள். மடையருகில், வாய்க்கால் ஓரத்தில், புல்லுக்குள் காலி பாட்டில், குருணை மருந்துப் பை, கழுவிய மருந்து டேங்கின் தடம் ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள்.

என் முதல் நாற்றங்கால் குட்டை போனது ஒரு காலி பாட்டிலால்தான். தூம்புக்கு இரண்டடி தள்ளி, சேம்பு இலைக்கு அடியில், மூடி இல்லாத வெள்ளை பாட்டில் ஒன்று கழுத்து தண்ணீருக்குள் இருக்கச் சாய்ந்து கிடந்தது. தூக்கிக் கவிழ்த்தால் உள்ளேயிருந்து பால் போல வெள்ளையாக வடிந்தது. அந்தப் பாட்டிலில் ஒட்டியிருந்தது ஒரு டீஸ்பூன் இருந்திருக்கும். ஒரு டீஸ்பூன் எவ்வளவு பெரிய அளவு என்பதைப் பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 சென்ட் குட்டையில் 4 அடி தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 5 லட்சம் லிட்டர். 10 சதவீத சைபர்மெத்ரின் 5 மி.லி. அதில் கலந்தால் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் ஆகிறது. கெண்டைக் குஞ்சைக் கொல்ல லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் போதும். பாட்டில் கிடந்த மடை ஓரத்தில் அந்த அளவு பல மடங்கு இருந்திருக்கும், குஞ்சுகள் கூடி நிற்பதும் அந்த இடத்தில்தான்.

## அறிகுறி 1: குஞ்சு மேலே வந்து வாயைப் பிளக்கிறது

கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். இதில் பாதி மருந்தே அல்ல, தண்ணீரில் காற்று (ஆக்ஸிஜன்) குறைவு. இரண்டையும் பிரிக்க நான் பார்ப்பது இவை.

### எப்போது பிளக்கிறது?

விடியற்காலையில் மட்டும் பிளந்து, வெயில் ஏறி எட்டு ஒன்பது மணிக்குச் சரியாகிவிட்டால் அது காற்றுக் குறைவு. நேரம் காலம் இல்லாமல், உச்சி வெயிலிலும் பிளந்தால் மருந்தைச் சந்தேகியுங்கள்.

### எது முதலில் தவிக்கிறது?

காற்றுக் குறைந்தால் பெரிய மீன் முதலில் தவிக்கும். மருந்து வந்தால் சின்னது முதலில் விழும்.

### நீர்ப்பூச்சி என்ன ஆயிற்று?

என்னிடம் கேட்டால் இந்தச் சோதனை ஒன்றே போதும் என்பேன். மல்லாந்து நீந்தும் பூச்சியும் நீர்வண்டும் மேலே வந்து காற்றை எடுத்துக்கொண்டு போகிறவை. தண்ணீரில் காற்றுக் குறைந்தாலும் அவற்றுக்குக் கவலை இல்லை. அவையும் கரையோரம் செத்து ஒதுங்கியிருந்தால், கூடவே சிறு இறால் பொடிகளும் செத்துக் கிடந்தால், பூச்சிமருந்து உள்ளே வந்துவிட்டது.

காற்றுக் குறைவுதான் என்றால் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரைப் போடுங்கள், அல்லது மோட்டார் தண்ணீரை உயரத்திலிருந்து விழவிடுங்கள். இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். தண்ணீர்ச் சோதனைக் கிட் வைத்து அளந்தால் ஆக்ஸிஜன் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கவிடக் கூடாது. மூன்று நாள் ஆகியும் விடியற்காலையில் பிளப்பது நிற்கவில்லை என்றால் மீன்வளத் துறை ஆய்வாளரைக் கூப்பிடுங்கள். அடிச்சேறு கெட்டிருக்கலாம்.

## அறிகுறி 2: சுழல்கிறது, விருட்டென்று பாய்கிறது, சாய்ந்து விழுகிறது, கூட்டமாகச் சாகிறது

### நீங்களே மீன் பேனுக்கு மருந்து போட்டீர்களா?

முதலில் இதைக் கேட்டுவிடுகிறேன், கேட்க யாருக்கும் மனசு வராது என்பதால். மீன் பேனுக்கு என்று கடையில் கொடுக்கும் பல மருந்துகளில் இருப்பது டெல்டாமெத்ரினும் சைபர்மெத்ரினும்தான். வயலில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு அடிக்கிற அதே சரக்கு. பேன் ஓட்டுடலி இனம், அதனால் மீனைவிடக் கொஞ்சம் குறைந்த அளவிலேயே செத்துவிடும். அந்தக் கொஞ்ச இடைவெளியில்தான் மருந்து வேலை செய்கிறது. குட்டையின் நீளம், அகலம், தண்ணீர் ஆழம் இவற்றை அளக்காமல் மூடிக் கணக்கில் ஊற்றினால் பேனோடு குஞ்சும் போகும். குஞ்சுக் குட்டையில் ஊற்றவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

### மேற்கே யாராவது தெளித்தார்களா?

ஆனி, ஆடியில் நம் பக்கம் காற்று மலையிலிருந்து கிழக்கே அடிக்கும். கார் பயிருக்குத் தெளிப்பதும் அதே நேரம்தான். வயலுக்குக் கிழக்கே குட்டை இருந்தால், வாய்க்கால் வழியே ஒரு சொட்டு வராவிட்டாலும் காற்றில் வந்து இறங்கும். குட்டையின் மேற்குக் கரையில் மட்டும் குஞ்சு செத்திருந்தால் இதுதான். மேல் வயக்கார மாமாவிடம் போய் நேராகக் கேளுங்கள். சண்டைக்குப் போவது போலப் போகாதீர்கள். "மாமா, என்ன மருந்து, எத்தனை மணிக்கு அடிச்சீங்க?" என்று கேட்டால் டப்பாவையே எடுத்துக் காட்டுவார். எனக்குக் காட்டாதவர் யாரும் இல்லை. மருந்தின் பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

டப்பாவில் விஷத்தின் அளவைக் காட்டும் முக்கோண நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்த நிறம் எலியில் சோதித்து, மனிதனையும் கால்நடையையும் நினைத்துப் போட்டது. முன்பு விற்ற மோனோகுரோட்டோபாஸுக்குச் சிவப்பு, சைபர்மெத்ரினுக்கு மஞ்சள். மனிதனுக்கு முதலாவது கொடியது. மீனுக்கோ இரண்டாவதுதான் பல மடங்கு கொடியது. "மஞ்சள்தானே அடிச்சேன்" என்று அவர் சொல்வதில் பொய் இல்லை, ஆனால் உங்கள் குட்டைக்கு அதில் ஆறுதலும் இல்லை.

### மழைக்கு மறுநாளா?

பிசானப் பருவத்தில் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் நிரம்பி வரப்பு வழியே குட்டைக்குள் வழியும். குருணை போட்ட வயலாக இருந்தால் அதோடு சேர்ந்து வரும். வாழைக்குப் போட்ட கார்போபியூரான் குருணையும் இப்படி வரும். வழிந்த இடத்தில் புல் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும், பார்த்தாலே தெரியும்.

### இரண்டு வாளி சோதனை

இன்னும் சந்தேகம் என்றால் இரண்டு வாளி எடுங்கள். ஒன்றில் குட்டைத் தண்ணீர். மற்றதில் முந்தின நாளே பிடித்து வைத்த போர்த் தண்ணீர். அன்று பிடித்த போர்த் தண்ணீரில் காற்று இருக்காது, அதில் விட்டால் அந்தக் குஞ்சும் சாகும், நீங்கள் குழம்பிப் போவீர்கள். இரண்டிலும் மீன் தொட்டிக்கு வைக்கிற சின்னக் காற்றுக் குழாய் போடுங்கள். வேறு குட்டையிலிருந்து நல்ல குஞ்சு பத்துப் பத்தாக விட்டு ஒரு நாள் பாருங்கள். காற்று ஓடியும் குட்டைத் தண்ணீர் வாளியில் மட்டும் குஞ்சு சுழன்று சாய்ந்தால், தண்ணீரில் விஷம் இருக்கிறது.

### என்ன செய்வது?

கால் பங்குத் தண்ணீரை வெளியேற்றி நல்ல தண்ணீர் விடுங்கள், மறுநாளும் அதே போல. வெளியேற்றுவதைப் பொதுக் குளத்துக்கோ ஆடுமாடு குடிக்கும் வாய்க்காலுக்கோ விடாதீர்கள். சொந்தத் தரிசு நிலம் இருந்தால் அதில் பாய்ச்சுங்கள். ஏரேட்டர் ஓடட்டும். சுண்ணாம்பு தட்டச் சொல்லிப் பலர் யோசனை சொல்வார்கள். செத்த குஞ்சு அழுகி அமோனியா ஏறியிருக்கும் குட்டையில் சுண்ணாம்பு போட்டால் அந்த அமோனியாவே கொல்லும். அளந்து பார்க்காமல் வேண்டாம்.

செத்ததைக் கையுறை போட்டு அள்ளிப் புதையுங்கள். கோழிக்குப் போடாதீர்கள், வாத்துக்குப் போடாதீர்கள், கருவாடு போடவே கூடாது.

### எப்போது ஆளைக் கூப்பிடுவது?

கால்வாசிக் குஞ்சுக்கு மேல் செத்தால், அல்லது அடுத்த குட்டையிலும் சாவு ஆரம்பித்தால், அன்றே மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். ஐஸில் வைத்த பாட்டிலுக்கு அப்போதுதான் வேலை. மீனைப் பார்க்கத் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி இருக்கிறது. மருந்து எச்சத்தை அளக்கும் ஆய்வுக்கூடம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எச்சச் சோதனைக்குச் செலவு பிடிக்கும். இழப்பீடு கேட்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் செய்யுங்கள், இல்லையென்றால் அந்தப் பணத்தில் வரப்பை உயர்த்திவிடலாம்.

## அறிகுறி 3: தண்ணீரின் நிறம் திடீரென்று மாறியது, குஞ்சு இன்னும் சாகவில்லை

இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட்டால் குஞ்சைக் காப்பாற்றிவிடலாம்.

பச்சையாய் இருந்த தண்ணீர் நாலைந்து நாளில் கண்ணாடி மாதிரித் தெளிந்தால் களைக்கொல்லியைச் சந்தேகியுங்கள். நட்ட ஒரு வாரத்துக்குள் ப்யூட்டாகுளோரோ ப்ரெடிலாகுளோரோ மணலில் கலந்து வீசுவார்கள். வீசிய வயலில் தண்ணீரைச் சில நாள் கட்டி வைக்க வேண்டும். நடுவில் சாரல் பெய்து வழிந்தாலோ, யாராவது வடித்துவிட்டாலோ அது கீழே வரும். பாசி செத்து அழுகும்போது காற்றும் குறையும், ஆகவே முதல் அறிகுறி பின்னாலேயே வரும். ப்யூட்டாகுளோர் நேராகவும் குஞ்சுக்கு ஆகாது.

அதற்கு மாறாக, தண்ணீர் சட்டென்று அடர் பச்சையானால் பூச்சிமருந்தைச் சந்தேகியுங்கள். பாசியைத் தின்னும், குஞ்சுக்குத் தீனியாகும் சிறு உயிரான நீர்த்தெள்ளு செத்திருக்கும், தின்ன ஆளில்லாமல் பாசி பெருகுகிறது. கண்ணாடி டம்ளரில் தண்ணீரை மொண்டு வெயிலுக்கு நேரே பிடியுங்கள். வெள்ளைப் பொடிப் பொடியாய்த் துள்ளிக்கொண்டிருந்தால் நல்லது. பச்சையாய் இருந்தும் ஒரு துள்ளல்கூட இல்லை என்றால், குஞ்சு பட்டினி கிடக்கப் போகிறது.

## அறிகுறி 4: சாகவில்லை, ஆனால் வளரவே இல்லை

செத்தால் அன்றோடு ஒரு நட்டம். இதில் மூன்று மாதம் தீனி போட்டு, ஆள் போட்டு, கடைசியில் கையில் வருவது போட்ட அதே அளவுக் குஞ்சு. வாங்க வந்தவர் வாளிக்குள் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பிப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு அங்குலக் குஞ்சு, இரண்டு மூன்று மாதத்தில் மூன்று நாலு அங்குல விரலளவுக் குஞ்சாக வேண்டும். வரவில்லை என்றால், செலவு குறைந்த காரணத்திலிருந்து வரிசையாகப் போங்கள். மருந்துதான் என்று எடுத்ததும் மேல் வயலைக் கை காட்ட வேண்டாம்.

### நெருக்கம்

சென்ட்டுக்கு ஆயிரம் குஞ்சுக்கு மேல் விட்டிருக்கிறீர்களா? 10 சென்ட்டில் முப்பதாயிரம் விட்டுவிட்டு வளரவில்லை என்றவர்கள் உண்டு. பாதியை வேறு குட்டைக்கு மாற்றுங்கள். இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

### தீனி

தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவு. புண்ணாக்கை ஒடித்து முகருங்கள், பூஞ்சை வாடை அடித்தால் தூரப் போடுங்கள். தட்டில் வைத்துத் தொங்கவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். காலியாகியிருந்தால் தீனி பற்றவில்லை. அப்படியே இருந்தால் குஞ்சு தின்ன மறுக்கிறது, கீழே படியுங்கள்.

### திலேப்பியா

மடையில் வலை கட்டாவிட்டால் ஜிலேபிக் கெண்டை உள்ளே வந்து, பெருகி, தீனியைத் தின்றுவிடும். ஒருமுறை வலை இழுத்தால் தெரிந்துவிடும்.

### நீர்த்தெள்ளு இல்லை

டம்ளர் சோதனை மேலே சொன்னது. நுண்வலை இருந்தால் 50 லிட்டர் தண்ணீரை அதில் வடித்துப் பாருங்கள். அடியில் 1 முதல் 2 மி.லி. தங்க வேண்டும். இல்லை என்றால் வரத்துத் தண்ணீரை நிறுத்திவிட்டுச் சாணி கரைத்து ஊற்றுங்கள். மருந்து வருவது நின்றிருந்தால் ஓரிரு வாரத்தில் தெள்ளு திரும்பும். திரும்பவில்லை என்றால் மருந்து இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

### கொஞ்சம் கொஞ்சமாக வரும் மருந்து

கொல்லும் அளவுக்குக் கீழே, ஒவ்வொரு முறை தண்ணீர் விடும்போதும் துளித்துளியாக வருவது. குளோர்பைரிபாஸ், ப்ரொபெனோபாஸ் வகை மருந்துகள் நரம்பைப் பிடிக்கும். குஞ்சு தீனியைப் பார்த்தும் வராது, வந்தாலும் கவ்வுவதில் வேகம் இருக்காது. தின்ற கொஞ்சமும் விஷத்தோடு மல்லுக்கட்டுவதில் செலவாகிவிடும், சதையில் ஏறாது.

இதைப் பிடிக்க ஒரு நாற்பது பக்க நோட்டு வேண்டும். ஒரு பக்கம், பத்து நாளுக்கு ஒருமுறை முப்பது குஞ்சை எடைபோட்டு எழுதுங்கள். நகைக்கடைத் தராசு போலச் சின்ன எலெக்ட்ரானிக் தராசு போதும். எதிர்ப் பக்கம், மடை திறந்த தேதியும் மேல் வயலில் தெளித்த தேதியும். இரண்டு மாதம் எழுதியபின் நோட்டைத் திறந்து வைத்துப் பாருங்கள். என் நோட்டில் எடை ஏறாமல் நின்ற இடங்களுக்கு எதிரே எல்லாம், தெளித்து ஒன்றிரண்டு நாளில் மடை திறந்த தேதி இருந்தது. தெளிப்புக்குப் பிறகு பத்து நாள் அடைத்தே வைத்திருந்த மாதத்தில் எடை ஏறியிருந்தது. அதன்பின் எனக்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை.

வழி இதுதான். வயல் வடிதண்ணீர் குட்டைக்குள் வராதபடி சுற்றிலும் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டித் திருப்புங்கள். வரப்பை வயலைவிட ஒன்றரை அடி உயர்த்துங்கள். தண்ணீரை வடிகாலிலிருந்து எடுக்காமல் கால்வாயிலிருந்து நேராக எடுக்க முடியுமா பாருங்கள். தாமிரபரணியின் கன்னடியன் காலோ, நதியுண்ணிக் காலோ, தலைமடைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது சுலபம். கடைமடைக்காரர்களுக்கு மேலே உள்ள எல்லா வயலும் கழுவிய தண்ணீர்தான் வரும். குஞ்சு வளர்ப்பதானால் அங்கே போர்த் தண்ணீர் தவிர வேறு வழியில்லை, மனசைத் தேற்றிக்கொண்டு செலவழிக்க வேண்டியதுதான்.

### அடிச்சேறு

சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை மருந்து தண்ணீரில் நிற்காது, சேற்றில் போய் ஒட்டிக்கொள்ளும். பழைய வாழைத் தோட்டத்தையோ பருத்தி நிலத்தையோ குட்டையாக்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011-இல் தடை செய்தது, ஆனால் அதற்கு முன் அந்த நிலத்தில் அடித்தது அடித்ததுதான். இரண்டு வாளியிலும் நல்ல தண்ணீர், ஒன்றில் மட்டும் நாலு கை அடிச்சேறு. கலக்கித் தெளியவிட்டு, மறுநாள் குஞ்சு விட்டு இரண்டு நாள் தீனி போட்டுப் பாருங்கள். சேற்று வாளிக் குஞ்சு தீனிக்கு வராவிட்டால் மீன்வளத் துறையினரைக் கூட்டி வந்து காட்டிவிட்டுத்தான் ஜேசிபியைக் கூப்பிட வேண்டும். குட்டையை வற்றவிட்டு, வெடிக்கும் வரை காயவிட்டு, மேல்சேற்றை அள்ளுவது பெரிய செலவு. ஊகத்தில் இறங்கக் கூடாது.

## அறிகுறி 5: முதுகு வளைந்த குஞ்சு

நூறு குஞ்சை எண்ணிப் பாருங்கள். ஒன்று இரண்டு எங்கும் இருக்கும். ஐந்து பத்து என்றால் முதலில் கம்பெனித் தீனி மூட்டையின் தேதியைப் பாருங்கள், பழையதானால் வைட்டமின் சி போயிருக்கும். தீனி புதிது என்றால் குஞ்சு வாங்கிய இடத்தில் மற்றவர்களுக்கும் இப்படியா என்று விசாரியுங்கள். அதுவும் இல்லை என்றால் அறிகுறி 4-இல் சொன்ன நோட்டை ஆரம்பியுங்கள். வளைந்தது நிமிராது, பிரித்துவிடுங்கள்.

## மறுபடி குஞ்சு விடும் முன்

தண்ணீர் தெளிந்துவிட்டது, வாடை இல்லை என்பதை நம்பி விடாதீர்கள். கொசுவலைத் துணியில் ஹாப்பா (தண்ணீருக்குள் கட்டும் வலைப் பெட்டி) தைத்து, மடைக்கு அருகே ஒன்று, நடுவில் ஒன்று கட்டி, இருபது இருபது குஞ்சு விட்டு இரண்டு நாள் வையுங்கள். அடி சேற்றைத் தொடும்படி கட்டுங்கள், மிதக்கவிட்டால் சேற்றில் உள்ளது தெரியாது. டம்ளரில் தெள்ளு துள்ளுகிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாம் நாள் காலையில் ஹாப்பாவில் ஒரு பிடி தவிட்டைத் தூவுங்கள். குஞ்சு உயிரோடு இருப்பது மட்டும் போதாது. தவிடு விழுந்த இடத்தில் தண்ணீர் கொதிப்பது போல மொய்த்துக்கொண்டு வந்தால் மொத்தக் குஞ்சையும் விடலாம். ஓரத்தில் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுத்து, மறுபடி ஹாப்பா கட்டுங்கள்.